சுவர் வேர்த்தால் யார் குற்றம்?

வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு எவர்சில்வர் சொம்பில் ஊற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் சொம்புக்கு வெளியே முத்து முத்தாக வேர்த்திருக்கும். சொம்பு ஓட்டையா என்றால் இல்லை. உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வரவில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவிதான் குளிர்ந்த உலோகத்தின் மேல் படிந்து தண்ணீராகிறது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறந்த பாடம்.

இந்தச் சொம்பு செய்கிற வேலையை ஒரு வீட்டுச் சுவர் செய்தால் என்ன ஆகும்? அதுதான் இன்றைய பதிவு.

நம் ஊரில் சுவரில் பூசணம் பிடித்தால் எல்லோரும் முதலில் மேலே பார்ப்போம். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், இல்லையென்றால் பக்கத்து பாத்ரூம் பைப் கசிந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் படரும். கொத்தனார் வந்து நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். தொகையில் சண்டை வரலாம், காரணத்தில் சண்டை வராது. ஆனால் கூரை ஒழுகாத, பைப் கசியாத, மழை ஒரு சொட்டுகூட உள்ளே வராத வீடுகளில் சுவரெல்லாம் கறுத்துப்போய், இது யார் குற்றம் என்று ஒரு நாடே ஐம்பது வருடம் சண்டை போட்ட கதை ஒன்று உண்டு. அந்த நாடு பிரிட்டன். வணிகச் சட்டம் பேப்பருக்கு எதையோ தேடப்போய் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன். பேப்பருக்குப் படித்தாயா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

கதைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். மீதி எங்காவது இறங்கியாக வேண்டும். நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் மூச்சு விட்டு, சமைத்து, குளித்து, துணி உலர்த்தி ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரை வீட்டுக் காற்றில் சேர்க்கிறது. நம் ஊரில் ஜன்னல் திறந்தே இருக்கும், அது பாட்டுக்குப் போய்விடும். வெளியே 2 டிகிரி குளிர், எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிறது என்றால்? வீட்டிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கே போய் உட்காரும். முதலில் ஜன்னல் கண்ணாடி. அடுத்து வெளிச்சுவர்கள் சேரும் மூலை, ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் லிண்டல், அலமாரிக்குப் பின்னால் காற்றுப் போகாத இடம்.

பூசணத்துக்கு இந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஓட வேண்டும் என்றுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தாலே போதும். சாப்பாட்டுக்கு வால்பேப்பர் பசை இருக்கிறது, பெயின்ட் இருக்கிறது, தூசி இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

சரி, குளிர் பிரிட்டனுக்குப் புதிதல்ல. மூச்சு விடுவதும் புதிதல்ல. அப்படியானால் இந்தத் தொல்லை ஏன் 1960களுக்குப் பிறகு இவ்வளவு பெரிதாக வெடித்தது?

பழைய வீடுகள் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சேரிப் பகுதிகளில் தரையிலிருந்து ஓதம் ஏறும், கூரை ஒழுகும், ஒரே அறையில் ஒரு குடும்பமே படுத்திருக்கும். ஆனால் அந்த வீடுகளில் ஒன்று இருந்தது, கணப்பு. நிலக்கரி எரியும் கணப்பும் அதற்கு மேலே புகைபோக்கியும். தீ எரியும்போது அறைக் காற்றை அது இழுத்துப் புகையோடு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். அடுப்பின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குத்தான் போனது, சுத்த விரயம். ஆனால் அந்த விரயத்தோடு வீட்டு ஈரமும் வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரும் இதற்கென்று திட்டமிடவில்லை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிற்காலத்தில் வந்த ஆய்வு ஒன்று அதை 12,000 வரை கொண்டுபோனது. அதன் விளைவாக 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகரங்களில் புகைக்குத் தடை விதிக்கப்பட்ட பகுதிகள் உருவாயின. மிக நல்ல சட்டம், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் கணப்புகளை அடைத்தார்கள், புதிதாகக் கட்டிய பல வீடுகளில் புகைபோக்கியே வைக்கவில்லை. வெளிக்காற்று சுத்தமானது, வீட்டுக்குள் காற்று வெளியேற இருந்த பெரிய வழி அடைபட்டது. ஒரு செலவை மிச்சம் பிடித்தால் இன்னொரு தலைப்பில் வந்து நிற்கும் என்று எங்கள் காஸ்டிங் வகுப்பில் சொல்வார்கள். இது அதேதான்.

இன்னொரு பக்கம் வீட்டுப் பஞ்சம். போரில் குண்டு விழுந்து அழிந்தவை போக, இடிக்க வேண்டிய சேரி வீடுகள் லட்சக்கணக்கில் இருந்தன. 1951 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி வருடத்துக்கு 3 லட்சம் வீடுகள் என்று வாக்குக் கொடுத்தது. வீட்டு வசதி அமைச்சர் ஹெரால்ட் மாக்மில்லன் 1953-ல் அதைச் செய்தும் காட்டினார் (பின்னாளில் பிரதமரானவர்). அதன்பின் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வீட்டு எண்ணிக்கை ஒரு பந்தயமாகவே ஆகிவிட்டது. 1956-ல் மானிய விதி ஒன்றை மாற்றினார்கள். கட்டடம் எத்தனை மாடி உயரமோ, அதற்கேற்ப ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் அரசு மானியம் ஏறும். நகர சபைகள் என்ன செய்யும்? உயரமாகக் கட்டும்! 1967-ல் இந்த ஏறுமுக மானியத்தை நிறுத்துவதற்குள் பிரிட்டிஷ் நகரங்களின் வானமே மாறிப்போயிருந்தது. எதற்குக் காசு தருகிறோமோ அதுதான் விளையும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய உதாரணம் இது, ஏனோ எங்கள் புத்தகத்தில் இல்லை.

உயரமாக மட்டும் போதாது, வேகமாகவும் வேண்டும். எனவே தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி, சீட்டுக்கட்டு வீடு மாதிரி அடுக்கினார்கள். கான்கிரீட்டுக்குள் வெப்பக்காப்பு கொஞ்சம்தான், சில இடங்களில் சுத்தமாக இல்லை. பலகைகள் சேரும் இடம், பால்கனி நீளும் இடம், லிண்டல் எல்லாம் வெளிக்குளிரை நேராக உள்ளே கொண்டுவரும் பாலங்கள். எவர்சில்வர் சொம்பு என்று முதலில் சொன்னேன் அல்லவா, அந்தச் சொம்புக்குள் மனிதர்களைக் குடிவைத்த மாதிரிதான்.

சரி, நன்றாகச் சூடேற்றினால் சொம்பு வேர்க்காதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1961-ல் பார்க்கர் மாரிஸ் குழு ஒரு அறிக்கை கொடுத்தது. வெளியே உறைபனிக் குளிர் இருக்கும்போது புழங்கும் அறையில் 18 டிகிரியும், சமையலறையிலும் நடைவழியிலும் 13 டிகிரியும் வரும்படி சூடாக்கும் வசதி வேண்டும் என்றது. அந்தக் காலத்துக்கு அது முன்னேற்றமான யோசனைதான். ஆனால் அந்தக் குறைந்தபட்ச அளவில் படுக்கையறை கிடையாது. இரவு முழுக்க நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு விடும் அறை அது!

பிறகு ரோனன் பாயின்ட். கிழக்கு லண்டனில் நியூஹாம் பகுதியில் 22 மாடிக் கட்டடம், குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 அதிகாலை 18-ஆவது மாடியில் ஒருவர் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். இதற்கும் பூசணத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அந்த விபத்துக்குப் பிறகு பலகைக் கட்டடங்கள் பலவற்றில் எரிவாயு இணைப்பைத் துண்டித்தார்கள். மிச்சம் இருந்தது மின்சாரம். 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் எரிபொருள் விலையோடு மின்கட்டணமும் ஏறியது. தரைக்கடியில் மின்கம்பி ஓடும் வீடு சூடாகும், ஆனால் பில்லைப் பார்த்தால் மனிதன் குளிர்ந்துவிடுவான். ஏழைக் குடும்பங்கள் ஹீட்டரை அணைத்தன. பல வீடுகளில் காசு போட்டால்தான் மின்சாரம் வரும் மீட்டர். காசு தீர்ந்தால் இருட்டு, குளிர்.

குறைந்த செலவில் என்ன வழி? மண்ணெண்ணெய் ஹீட்டரும் சிலிண்டர் ஹீட்டரும். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். வேதியியல் படித்த நண்பர்கள் சமன்பாட்டை எழுதிப் பார்த்துக்கொள்ளலாம். குளிருக்குப் பயந்து ஹீட்டர் வைத்தவர் தன் கையாலேயே சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்புறம் கறுப்பு வந்தது. முதலில் மூலையில் புள்ளி புள்ளியாக, பிறகு வால்பேப்பர் முழுக்க. துணியில், செருப்பில், மெத்தையில், குழந்தையின் தொட்டிலுக்குப் பின்னால். குடியிருந்தவர்கள் நகர சபையிடம் புகார் செய்தார்கள். நகர சபை என்றால் இங்கே வீட்டுக்காரர், ஏனென்றால் வாடகை வாங்குவது அதுதான். ஆய்வாளர் வருவார், சுவரைப் பார்ப்பார், கூரையும் பைப்பும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். எல்லாம் சரி. "இது கசிவு இல்லை, நீராவி படிதல்" என்று எழுதிக்கொண்டு கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டைச் சூடாக வையுங்கள், சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள், துணியை வீட்டுக்குள் உலர்த்தாதீர்கள், பூசணம் வந்தால் பிளீச் போட்டுத் துடையுங்கள்.

இந்த அறிவுரைகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் பிரச்சினையே. நீராவி உண்மையிலேயே குடியிருப்பவரின் மூச்சிலிருந்தும் கெட்டிலிலிருந்தும்தான் வருகிறது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் காசு போட்டு வாங்கிய சூடு வெளியே போகும். துணியை வெளியே உலர்த்த 15-ஆவது மாடியில் கொடி எங்கே இருக்கிறது? சுவர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை அந்தப் பிரசுரம் பேசவே பேசாது. சொம்பு வேர்ப்பதற்கு இரண்டு காரணம் உண்டு, காற்றில் உள்ள ஈரம் ஒன்று, சொம்பின் குளிர்ச்சி இன்னொன்று. முதலாவதைக் குடியிருப்பவர் தலையில் எழுதலாம். இரண்டாவதைக் கட்டியவர் தலையில் எழுத வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மூடிவிட்டார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் "வாழ்க்கை முறை". இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

எல்லோரும் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கார்பல்ஸ் என்றொரு பகுதி. ஒருகாலத்தில் ஐரோப்பாவின் மோசமான சேரிகளில் ஒன்று என்று பேர் வாங்கிய இடம். அதை இடித்துவிட்டு ஹட்சிசன்டவுன் 'இ' என்ற கான்கிரீட் பலகைக் குடியிருப்பைக் கட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் சந்தோஷமாகக் குடிபோனவர்கள் ஒன்றிரண்டு குளிர்காலத்துக்குள் அதற்கு "டாம்ப்பீஸ்" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நம் பாஷையில் 'ஓத வீடுகள்' என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே குடியிருந்தவர்கள் ஓத எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். வாடகையை நிறுத்தி வைத்தார்கள், நாசமான சாமான்களுக்கு நஷ்ட ஈடு கேட்டார்கள், வேறு வீடு கேட்டார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி ரிச்சர்ட் பிரையன்ட் 1979-ல் எழுதிய அறிக்கையின் பெயர் 'தி டாம்ப்னெஸ் மான்ஸ்டர்', அதாவது ஓதப் பூதம். கடைசியில் 1987-ல் அந்தக் குடியிருப்பை இடித்தார்கள். கட்டி இருபது வருடம்கூட முழுசாக நிற்கவில்லை. ஒரு சொத்துக்கு 60 வருடம் தேய்மானம் போட்டு, அது கால்வாசிக் காலத்தில் மண்ணாகிப்போனால் பேலன்ஸ் ஷீட் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் வணிகச் சட்டம் தேடும்போது தடுக்கி விழுந்தது வேல்ஸில் நடந்த ஒரு வழக்கில். 'குவிக் எதிர் டாஃப்-ஈலி பரோ கவுன்சில்', மேல்முறையீட்டு நீதிமன்றம், 1985. குடியிருந்தவர் வேலையில்லாத ஒரு குடும்பஸ்தர். 1970களின் தொடக்கத்தில் கவுன்சில் கட்டிய வீடு. ஜன்னல்களுக்கு உலோகச் சட்டம், லிண்டல்களுக்கு வெப்பக்காப்பு கிடையாது, சூடாக்கும் வசதி போதாது. குளிர்காலத்தில் வீடு முழுக்க வேர்த்து, மெத்தை, துணி, மேஜை நாற்காலி எல்லாம் பூசணம் பிடித்து அழுகின. அந்த நேரத்தில் அந்த வீடு மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்றே சொல்லலாம் என்று கீழ் நீதிமன்ற நீதிபதி கண்டார். குடியிருந்தவர் அங்கே ஜெயித்தார். கவுன்சில் மேலே போனது.

அப்போதிருந்த சட்டம், 1961-ஆம் வருட வீட்டு வசதிச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் பழுதுபார்த்து வைக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்றது. மேல் நீதிமன்றம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: எது பழுதாகியிருக்கிறது? உலோக ஜன்னல் கட்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. லிண்டலில் விரிசல் இல்லை, துரு இல்லை. சுவருக்கு ஒரு கேடும் இல்லை. மெத்தை அழுகியது என்றால் மெத்தை கட்டமைப்பின் பகுதி அல்ல. ஆக, பழுது என்று ஒன்று இல்லவே இல்லை. பழுது இல்லாத இடத்தில் பழுதுபார்க்கும் கடமை எங்கிருந்து வரும்? கவுன்சில் ஜெயித்தது.

இதை நான் மூன்று முறை படித்தேன். சட்டத்தின் வார்த்தைகளைப் பிடித்துப் பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்வது கஷ்டம். நல்ல நிலையில் இருந்து கெட்டால்தான் பழுது. பிறக்கும்போதே மோசமாக இருந்தால் அதற்குப் பெயர் பழுது இல்லை, வடிவமைப்பு! இதன் நடைமுறை அர்த்தம் என்னவென்றால், ஓரளவு மோசமாகக் கட்டியவர் மாட்டிக்கொள்ளலாம், முதல் நாளிலிருந்தே முழுக்க மோசமாகக் கட்டியவர் தப்பித்துவிடலாம். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கும் மேலாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூசண வழக்கு போட்டவர்கள் எல்லாம் இந்தத் தீர்ப்பில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

'வசிக்கத் தகுதியான வீடாக இருக்க வேண்டும்' என்று ஒரு சட்டம் போட்டிருந்தால் தீர்ந்ததே என்று தோன்றும். போட்டிருந்தார்கள்! அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1885-லிருந்தே அப்படி ஒரு விதி இருந்தது. ஆனால் குறைந்த வாடகை வீடுகளுக்கு மட்டும். அந்த வாடகை வரம்பைக் கடைசியாக 1957-ல் நிர்ணயித்தார்கள். லண்டனில் வருடத்துக்கு 80 பவுண்டு, மற்ற இடங்களில் 52 பவுண்டு, அதாவது வாரத்துக்கு ஒரு பவுண்டு. அதோடு மறந்துவிட்டார்கள். விலைவாசி ஏறியது, வாடகை ஏறியது, வரம்பு மட்டும் அங்கேயே நின்றது. 1985-ல் சட்டத்தைத் தொகுத்து மறுபடி எழுதியபோதும் அதே 52 பவுண்டை அப்படியே எடுத்து எழுதினார்கள். வாரம் ஒரு பவுண்டுக்கு வீடு எங்கே கிடைக்கும்? சட்டம் புத்தகத்தில் இருந்தது, அது பொருந்தும் வீடு மட்டும் நாட்டில் இல்லை. பணவீக்கம் ஒரு சட்டத்தைச் சத்தமில்லாமல் கொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த வரம்பைத் தூக்கிவிட்டு எல்லா வாடகை வீட்டுக்கும் தகுதி விதியைக் கொண்டுவர எம்.பி. கேரன் பக் மசோதா கொண்டுவந்தார். 2018-ல் நிறைவேறி 2019 மார்ச் 20 முதல் இங்கிலாந்தில் அமலுக்கு வந்தது.

நீதிமன்றத்தில் தோற்ற விஷயம் மருத்துவத்தில் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. பூசண வீட்டுக் குழந்தைகளுக்கு எப்போதும் இருமல், மூச்சிரைப்பு என்று அம்மாக்கள் வெகுநாளாகச் சொல்லிவந்தார்கள். அம்மாக்கள் மிகைப்படுத்துகிறார்கள், வேறு வீடு வாங்குவதற்காகச் சொல்கிறார்கள் என்பது அதிகாரிகளின் பதில். 1989-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஸ்டீபன் பிளாட் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிளாஸ்கோ, எடின்பரோ, லண்டன் மூன்று நகரங்களில் 597 வீடுகள். வீட்டைப் பரிசோதித்தவர்களுக்கு அந்த வீட்டில் யாருக்கு என்ன உடம்புக்கு என்று தெரியாது. உடம்பைப் பற்றி விசாரித்தவர்களுக்கு வீடு ஓதமா இல்லையா என்று ஆய்வு முடிவு தெரியாது. இரண்டு கணக்கையும் தனித்தனியே எழுதிப் பிறகு ஒப்பிட்டார்கள். வருமானம், புகைப்பழக்கம், நெரிசல் எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஓதமும் பூசணமும் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல், இருமல், காய்ச்சல், தலைவலி அதிகமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது 2009-ல். அம்மாக்கள் சொன்னதை உலகம் ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் பாருங்கள்.

அதே காலத்தில் கிளாஸ்கோவின் ஓரத்தில் ஈஸ்டர்ஹவுஸில் ஈஸ்ட்ஹால் என்ற பேட்டையில் குடியிருந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். கேத்தி மெக்கார்மக் போன்றவர்கள் அதில் முன்னணியில் இருந்தார்கள். திட்டிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, கட்டடக் கலைஞர்களை 1987-ல் தங்கள் பேட்டைக்கே வரவழைத்து "இந்த வீட்டை எப்படிச் சூடாக வைப்பது என்று நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று உட்காரவைத்தார்கள். அதிலிருந்து ஐரோப்பியப் பணத்தோடு ஒரு திட்டம் வந்தது. 36 வீடுகளுக்கு வெளிச்சுவரில் வெப்பக்காப்பு, வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்பும் கண்ணாடித் தடுப்பு பால்கனி, காற்றோட்டம், நல்ல ஹீட்டர். அதே குடும்பங்கள், அதே கெட்டில், அதே மூச்சு. சுவர் மட்டும் சூடானது. பூசணம் போனது.

என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பிளீச் போட்டுத் துடைத்தால் கறுப்பு போகும், இரண்டு மாதத்தில் திரும்பி வரும். பூசண எதிர்ப்பு பெயின்ட் அடித்தால் கொஞ்ச காலம் தாங்கும். ஈரப்பதத்தை அளந்து தானாக ஓடும் சமையலறை, குளியலறை ஃபேன் நிஜமாகவே உதவும், அது ஓடுகிற மின்சாரத்துக்குப் பயந்து ஆஃப் செய்யாமல் இருந்தால். ஆனால் சுவர் குளிர்ந்தே இருக்கும்வரை இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலைதான். சூடு, வெப்பக்காப்பு, காற்றோட்டம் மூன்றும் சேர்ந்து வர வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் சில சமயம் இன்னும் மோசமாகும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வந்தபோது அதுதான் நடந்தது. இடுக்கெல்லாம் அடைபட்டது, கண்ணாடி வேர்ப்பது நின்றது, ஈரம் பக்கத்துச் சுவருக்குப் போனது. அதனால்தான் பிறகு ஜன்னல் சட்டத்தின் மேலேயே சின்னக் காற்றுத் துவாரம் வைக்க ஆரம்பித்தார்கள்.

1991-ல் பிரெண்டா போர்ட்மன் 'எரிபொருள் வறுமை' என்ற பொருளிலேயே ஒரு புத்தகம் எழுதி, வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவழித்தால்தான் வீட்டைப் போதிய சூட்டில் வைக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். இந்த விஷயத்தை வெறும் கட்டடப் பிரச்சினையாகப் பார்க்காமல் வருமானம், விலை, சுவர் மூன்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டவர் அவர். பொருளாதாரம் படிப்பவர்கள் தேடிப் படிக்கலாம். 2000களில் நிலைமை பொதுவாக நன்றாகவே முன்னேறியது. பெரும்பாலான வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் வந்துவிட்டது, பழைய கோபுரங்கள் பல இடிக்கப்பட்டன. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ராச்டேல் என்ற ஊரின் பெயர் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். கூட்டுறவுப் பாடத்தில் முதல் பக்கமே அதுதான்: 1844, ராச்டேல் முன்னோடிகள், 28 பேர், ஒரு சின்னக் கடை. அதே ராச்டேலில் 2020 டிசம்பர் 21 அன்று அவாப் இஷாக் என்ற குழந்தை இறந்துபோனது. இரண்டாவது பிறந்தநாள் முடிந்து எட்டு நாள். பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட், சமையலறையிலும் குளியலறையிலும் பூசணம். அப்பா 2017-லேயே புகார் செய்திருந்தார். மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். அடித்தார், திரும்ப வந்தது. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஜோன் கியர்ஸ்லி, நீண்டகாலம் பூசணத்தில் இருந்ததால் வந்த கடும் சுவாச நோயே காரணம் என்று பதிவு செய்தார். வீட்டில் போதுமான காற்றோட்டமே இல்லை என்பதும் விசாரணையில் வந்தது. வீட்டை நடத்தியது குடியிருப்பவர்களும் ஊழியர்களும் உறுப்பினர்களாக உள்ள, கூட்டுறவு முறையிலான அமைப்பு. முன்னோடிகளின் ஊரில்!

அந்த அமைப்பு அதுவரை என்ன நினைத்துக்கொண்டிருந்தது தெரியுமா? குடும்பத்தின் குளிக்கும் முறையும் சமைக்கும் முறையும்தான் காரணம் என்று. வாழ்க்கை முறை! விசாரணைக்குப் பிறகு, அப்படி ஊகித்தது தவறு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 1970களில் கார்பல்ஸ்காரர்களுக்குக் கொடுத்த அதே பதில், ஐம்பது வருடம் கழித்து, இந்த முறை வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பழக்கவழக்கம் என்ற கூடுதல் சேர்க்கையோடு. நாம் எல்லோரும் வாளியில் மொண்டு குளிப்பவர்கள், கொதிக்கக் கொதிக்க ரசம் வைப்பவர்கள். அங்கே போய்க் குடியிருந்தால் நம் சுவரைப் பார்த்தும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

இத்தனைக்கும் இங்கிலாந்தின் வீட்டு வசதிக் குறைதீர்ப்பாளர் 2021 அக்டோபரிலேயே, அதாவது விசாரணை முடிவுக்கு ஒரு வருடம் முன்பே, ஓதமும் பூசணமும் பற்றி ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். அதன் தலைப்பிலேயே இது வாழ்க்கை முறை அல்ல என்று இருந்தது.

2023-ல் சமூக வீட்டு வசதி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதில் ஒரு பகுதிக்குக் குழந்தையின் பெயரால் 'அவாப் சட்டம்' என்று பெயர். 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் அமலுக்கு வந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலை என்றால் 24 மணி நேரத்துக்குள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கணிசமான ஓதம், பூசணம் என்றால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு, ஆய்வு முடிந்த 5 வேலை நாளுக்குள் வீட்டை ஆபத்தில்லாமல் ஆக்க வேண்டும். துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போவது இந்தக் கெடுவுக்குள் வராது. தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்க அதே மாதம் வேறொரு சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள், தேதி அப்போது குறிக்கவில்லை.

கொசுறு: உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது மழை ஓதமா, வேர்வையா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சுலபமான சோதனை. சாப்பாடு பார்சல் கட்டும் அலுமினியத் தாளில் ஒரு சாண் அளவு வெட்டி, சுவரின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது, கொத்தனாரைக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கம் ஈரம் என்றால் காற்றிலிருந்து வருகிறது. ஏ.சி.யை 18-ல் வைத்துத் தூங்கும் அறைக்கு அடுத்த அறைச் சுவரில் இதைச் செய்து பாருங்கள், சென்னை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் இந்த இரண்டாவது வகையும் இருக்கிறது.